யாவ் மிங்

யாவ் மிங் (பிறப்பு: செப்டம்பர் 12, 1980) சீனாவின் முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர். சாங்காய் நகரில் பிறந்தவர். உயரம் 2.29 மீட்டர். பெற்றோர் இருவருமே கூடைப்பந்தாட்டம் ஆடியவர்கள். 2002-இல் சாங்காய் சார்க்ஸ் அணியுடன் சீன வாகையர் பட்டம் வென்றார். அதே ஆண்டு என்.பி.ஏ. வீரர் தேர்வில் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணி அவரை முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது.

மிக உயரமான ஆட்டக்காரர்கள் பலர் ஃப்ரீ த்ரோ எறிவதில் தடுமாறுவர். யாவ் மிங்கோ நூற்றுக்கு 83 எறிதல்களைக் கூடையில் இட்டார். எட்டு முறை ஆல் ஸ்டார் ஆட்டத்திற்குத் தேர்வானார்.

அவருடைய ஆட்டக் காலத்தைச் சுருக்கியவை பாதங்களே. அமெரிக்காவில் பருவம் முடிந்ததும் கோடையில் சீன அணிக்காக ஆடுவார். எலும்புக்கு ஓய்வே இல்லை. 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் முறிவு ஏற்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொடியேந்தி வந்து களத்திலும் இறங்கினார். சொந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்கை விட்டுவிட மனம் வருமா? 2009 மே மாதம் அதே பாதத்தில் மீண்டும் முறிவு. அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. அதற்கடுத்ததில் ஐந்தே ஆட்டங்கள். 2011 ஜூலை 20 அன்று, 30 வயதில் ஓய்வை அறிவித்தார். 486 ஆட்டங்களில் சராசரி 19 புள்ளிகள்.

காயத்தால் ஒதுங்கியிருந்த 2009-இலேயே, பணநெருக்கடியில் இருந்த தம் பழைய சாங்காய் அணியை விலைக்கு வாங்கியிருந்தார்.