எபிசோட் 37: அரிப்பு இன்னைக்கு, காரணம் முந்தாநாள்

(ஒலியில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடு, டேட்டா, ஏஐ-னு பேசுவோம். இன்னைக்கு என் இடுப்பைப் பத்திப் பேசப்போறேன். சிரிக்காம கேளுங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி திருப்பூர்ல வீட்டிலிருந்தே வேலை பார்த்துட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில இடுப்பைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை. பொடிப்பொடியா கொப்புளம், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. அம்மா உடனே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "நேத்து கத்திரிக்கா பொரியலை ரெண்டு தடவ வாங்கித் தின்னியே, அதான்." கத்திரிக்காய் நின்னுச்சு. அடுத்து முட்டை நின்னுச்சு. அடுத்து கருவாடு. பட்டை மட்டும் அங்கேயே இருந்துச்சு. மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன், நாலே நாள்ல மாயமா மறைஞ்சது. நிறுத்தின ஒரு வாரத்துல திரும்ப வந்தது, முன்னைவிட அகலமா.

கடைசியா ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். நான் என்ன சாப்பிட்டேன்னு அவங்க கேட்கவே இல்ல. "எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?", "துணிய யாரு துவைக்கிறாங்க, எதைப் போட்டு?" இவ்வளவுதான் கேட்டாங்க. அம்மா அப்போ புதுசா ஒரு வழக்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வெள்ளைத் துணி எல்லாத்தையும் ப்ளீச்சுல ஊறவைப்பாங்க. ஜட்டியும் அதுல சேர்ந்துதான் ஊறும்.

டாக்டர் என் முதுகுல ரெண்டு எலாஸ்டிக் துண்டை ஒட்டினாங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு வீட்டுல ப்ளீச் பார்த்தது. ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சப்போ புதுசு இருந்த இடம் சுத்தமா இருந்துச்சு. ப்ளீச் பார்த்த துண்டு இருந்த இடம் சிவந்து தடிச்சிருந்தது.

விஷயம் இதுதான். ரப்பர் நூலைப் பதப்படுத்தும்போது கார்பமேட் வகை ரசாயனங்கள் சேர்ப்பாங்க. அதுல ஒண்ணு ப்ளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட்டோடு வினைபுரிஞ்சு, அலர்ஜியைத் தூண்டுற வேறொரு பொருளாவே மாறிடும். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1975-லேயே இதைக் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. கடையில வாங்கினப்போ ஒண்ணும் செய்யாத ஜட்டி, நம்ம வீட்டு வாளியில ஊறி எழுந்த பிறகு கடிக்குது. பனியன் ஊர்லயே பிறந்து வளர்ந்த எனக்கு இது 27 வயசு வரை தெரியாது.

சரி, நாங்க ஏன் கத்திரிக்காயைச் சந்தேகப்பட்டோம்? அலர்ஜின்னா தொட்டவுடனே, தின்னவுடனே வரும்னு ஒரு நினைப்பு. அப்படி உடனே வர்ற வகை இருக்கு. நம்ம ஊர்ல காணாக்கடின்னு சொல்லுவாங்க. கடிச்சது எதுன்னே கண்ணுக்குத் தெரியாதாம், அதனால அந்தப் பேரு. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும், நிமிஷங்களில் கொசுக்கடி மாதிரி மேடு மேடா தடிப்பு எழும்பும். இதோட அடையாளம், ஒரு தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல பெரும்பாலும் நிக்காது. இங்க அடங்கி அங்க கிளம்பும். பேனாவால ஒரு தடிப்பைச் சுத்தி வட்டம் போட்டு வைங்க. மறுநாள் வட்டத்துக்குள்ள தடம்கூட இல்லாம இருந்தா அனேகமா காணாக்கடி. இதுக்கு இறால், நிலக்கடலை மாதிரி உணவு காரணமா இருக்கலாம், வலி மாத்திரை இருக்கலாம், சாதாரண வைரஸ் காய்ச்சலும் இருக்கலாம். ஆறு வாரத்துக்கு மேல நீடிச்சா வெளிக் காரணம் எதுவுமே கிடைக்காமப் போறதுதான் அதிகம். தடிப்போட உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ இந்த எபிசோடை நிறுத்திட்டு 108-க்கு போன் பண்ணுங்க.

எனக்கு வந்தது இது இல்ல, தொடு அலர்ஜி. இதுல வேலை செய்றது வேற படை. ஒரு சின்ன மூலக்கூறு தோலுக்குள்ள நுழைஞ்சு நம்ம புரதத்தோட ஒட்டிக்கும். தோலின் காவல் செல்கள் அதைத் தூக்கிட்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களுக்கு அடையாளம் காட்டும். முதல் தடவை இந்தப் பயிற்சிக்கே பத்து, பதினஞ்சு நாள் ஆகலாம். அந்த நேரத்தில் வெளியே ஒண்ணுமே தெரியாது. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஒண்ணிலிருந்து மூணு நாளுக்குள்ள சிவப்பு, அரிப்பு, கொப்புளம், நீர்க்கசிவு. நாள்பட்டா தோல் தடிச்சு, கறுத்து, வெடிக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அரிச்சா ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினோம்னு பார்க்கணும். நாம செவ்வாய்க்கிழமை சாப்பாட்டைப் பார்க்கிறோம். "அஞ்சு வருஷமா இதைத்தானே போடுறேன், ஒண்ணும் ஆகலையே"ங்கிற வாதமும் செல்லாது. ஆறாவது வருஷம் உடம்பு அதை எதிரியா முடிவு பண்ணலாம்.

இப்போ துணி. "பனியன் துணி ஒத்துக்கல"ன்னு சொல்றவங்களுக்கு: பருத்தி இழைக்கு அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம். அதுமேல ஏத்தினது, அதோட தைச்சது, இதுங்கதான் சந்தேகத்துக்குரியவை.

சாயத்துலயே ரெண்டு ஜாதி இருக்கு. நம்ம ஊர் சாயப்பட்டறைகளில் பருத்திக்குப் போடுறது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். உப்பும் சோடா ஆஷும் சேர்த்துக் காய்ச்சும்போது அது பருத்தியோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கும். பிணைஞ்ச பிறகு போடுறவங்க தோலை அது தொந்தரவு பண்றது குறைவு. பிணையாத மிச்சத்தை அலசி எடுத்தாகணும். அந்த அலசல் தண்ணிதான் நொய்யலை நிறம் மாத்தினது, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அது தனி எபிசோட். ஆனா அதே ரியாக்டிவ் சாயத்தைப் பொடியா எடைபோட்டுக் கொட்டுறவருக்கு அந்தத் தூசியால மூக்கொழுகல், இளைப்பு எல்லாம் வரலாம். போடுறவங்களுக்கு ஆபத்தில்லைங்கிறதால செய்றவங்களுக்கும் ஆபத்தில்லைன்னு ஆகாது.

இன்னொரு ஜாதி டிஸ்பர்ஸ் சாயம். பாலியஸ்டர், நைலானுக்கு. இது இழைக்குள்ள கரைஞ்சு உட்கார்ந்திருக்குமே தவிர பிணைப்பு கிடையாது. வேர்வையும் உராய்வும் சேர்ந்தா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். துணி அலர்ஜியில் உலகம் முழுக்க அடிக்கடி மாட்டுற பேர்கள் டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124. கரும் நீலம், கறுப்பு மாதிரி அடர் நிறங்களில் இந்த வகை வரும். திருப்பூரும் இப்போ ஜிம் டிசர்ட், டிராக் பேன்ட்னு பாலியஸ்டர் பக்கம் நகர்ந்துட்டு இருக்கிறதால இந்தப் பேர்கள் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அக்குளைப் பாருங்க. துணியால வந்தா அக்குளின் ஓரங்கள் சிவந்திருக்கும், நடுக்குழி தப்பிச்சிருக்கும், ஏன்னா துணி உரசுறது ஓரத்துலதான். டியோடரன்ட்டா இருந்தா குழியே சிவந்திருக்கும். தொப்புளுக்குக் கீழ காசு அளவுக்கு மட்டும்னா ஜீன்ஸ் பட்டன் அல்லது பெல்ட் பக்கிள்ல இருக்கும் நிக்கல். காது மடல்னா கவரிங் கம்மல், அதுவும் நிக்கல்தான். குழந்தைத் துணியில இருக்கும் பிரஸ் பட்டனையும் இதே கண்ணோட பாருங்க. முகம், கண் இமை, கழுத்துன்னு துணி மூடாத இடங்களில் மட்டும் வந்தா காத்துல வர்ற ஏதோ ஒண்ணு. நம்ம பக்கத்து காலி சைட்டுகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் அதுக்குப் பேர்போனது.

அப்புறம் ஃபார்மால்டிஹைடு. சுருங்காத சட்டை, பேன்ட்டுக்குப் போடுற ரெசின் ஃபினிஷிலிருந்து வரும். பின்னலாடையில் அவ்வளவா இருக்காது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100-ன்னு ஒரு லேபிள் பார்த்திருப்பீங்க. தோலைத் தொடும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரைதான் அது ஃபார்மால்டிஹைடை அனுமதிக்குது, குழந்தைத் துணியில் கண்டுபிடிக்கிற அளவுக்கே இருக்கக்கூடாது. அலர்ஜி தரும் டிஸ்பர்ஸ் சாயங்களுக்கும் அதுல தனிப் பட்டியல் உண்டு. "அசோ ஃப்ரீ"ங்கிறது வேற. சில அசோ சாயங்கள் உடைஞ்சு புற்றுநோய் தரும் அமீன்களாக மாறும்னு ஜெர்மனி 1994-ல் தடை போட்டது, அதிலிருந்து வந்த வார்த்தை. அது அலர்ஜியைப் பத்தி எதுவும் சொல்லல. புதுத்துணியை ஒரு தடவை அலசிப் போடுங்கன்னு பாட்டி சொன்னதுக்கு மட்டும் நான் முழு மார்க் குடுப்பேன். தளர்ந்த சாயமும் ஃபார்மால்டிஹைடும் ஓரளவு அதுலயே போயிடும்.

இதெல்லாம் துணி போடுறவங்க கதை. என்னை இந்த எபிசோட் பண்ண வெச்சது எங்க அத்தை. ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமா செக்கிங். பீஸைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, கறை இருந்தா ஸ்ப்ரே கன்னால கரைப்பான் அடிச்சு எடுக்கணும். போன வருஷம் விரல் நுனியெல்லாம் வெடிச்சு, மணிக்கட்டு வரை சொரசொரன்னு ஆயிடுச்சு. தீபாவளிக்குப் பத்து நாள் லீவுல பாதி ஆறிடும், வேலைக்குப் போன மூணாம் நாள் பழையபடி. ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாங்க, துணி கைக்குப் பிடிபடாம எண்ணிக்கை குறைஞ்சது. டாக்டரைப் பாருங்கன்னா, "வேலைக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டா என்ன கண்ணு பண்றது?"

அவங்க பயம் நியாயமானது, ஆனா அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கு. இது அலர்ஜியா, எரிச்சலா? கரைப்பான், சோப்பு, சோடா, காஸ்டிக், அடிக்கடி தண்ணி, இதெல்லாம் தோலின் எண்ணெய்ப் படலத்தை உரிக்கும். நோய் எதிர்ப்புப் படைக்கு இதுல வேலையே இல்ல. போதுமான அளவு பட்டா யாருக்கும் வரும். பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், தீர்வுதான் வேற. எரிச்சல்னா அளவைக் குறைச்சா போதும், வேலையில் தொடரலாம். அலர்ஜின்னா அந்த ஒரு பொருள் துளிகூடப் படக்கூடாது, செக்‌ஷனே மாத்த வேண்டி வரலாம். ரப்பருக்கே அலர்ஜின்னா, காப்பாத்தப் போட்ட கையுறையே குற்றவாளி ஆயிடும். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ரசாயனம், பெயின்ட்டால் வரும் தொடு தோல் அழற்சியையும் சேர்த்திருந்தது. எரிச்சலூட்டுபவை, அலர்ஜி தருபவைன்னு ரெண்டாப் பிரிச்சே எழுதியிருந்தது. எங்க அத்தைக்கு அது தெரியாது. அவங்க சூப்பர்வைசருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

பிரிச்சுச் சொல்ற சோதனைதான் எனக்குப் பண்ணின பேட்ச் டெஸ்ட். ஜோசப் யாடஸ்ஸோன் 1895-ல் அறிமுகப்படுத்தினது, அடிப்படை இன்னும் மாறல. முதுகில் வரிசையா ஒட்டுவாங்க, ரெண்டு நாள் முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. பிரிச்சு ஒரு தடவை பார்ப்பாங்க, நாலாம் நாள் மறுபடி பார்ப்பாங்க. சித்திரை, வைகாசியில் பண்ணிக்காதீங்க, சொல்லிட்டேன். லேப்கள் விக்கிற "அலர்ஜி பேனல்" ரத்தப் பரிசோதனை அளக்கிறது ஐஜிஇ, அதாவது உடனே வர்ற வகைக்கானது. தொடு அலர்ஜியை அது காட்டாது. ஜீன்ஸ் பட்டன் தடிப்புக்கு அதுல காசு செலவழிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் எனக்கு இருக்கான்.

அந்த மெடிக்கல் ட்யூப் கதையை முடிக்கணும். அதுல இருந்தது ஸ்டீராய்டு. எதுக்குத் தடவினாலும் சிவப்பும் அரிப்பும் முதல்ல அடங்கும், அதுதான் சிக்கல். தொடை இடுக்கில் வட்டமா, ஓரம் மட்டும் சிவந்து பரவினா அது அலர்ஜி இல்லாம படர்தாமரையா இருக்கலாம், பூஞ்சை. அதுமேல ஸ்டீராய்டு தடவினா அரிப்பு குறையும், பூஞ்சை உள்ளுக்குள்ள சுகமா பரவும். வட்டமும் கலைஞ்சுபோய் டாக்டரே குழம்புற மாதிரி ஆயிடும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச்-ல் சேர்த்தது. எனக்கு யாரும் சீட்டு கேட்கல. டாக்டர் அளவு சொல்லி, நாள் சொல்லிக் குடுத்தா ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். கடைசியில எனக்கும் அதைத்தான் குடுத்தாங்க, பத்து நாளைக்கு.

அத்தையை ஒரு வழியா இழுத்துட்டுப் போனோம். பேட்ச் டெஸ்ட்ல எதுவும் சிவக்கல, எரிச்சல் வகைதான். கன் அடிக்கிற டேபிளை விட்டு அளவு பார்க்கிற பக்கம் கேட்டு மாறிக்கிட்டாங்க. கை கழுவி ஈரம் காயுறதுக்குள்ள வாஸ்லின் தடவணும்னு சொன்னதால டிபன் பையில ஒரு டப்பா எப்பவும் இருக்கு. ஆறு வாரத்துல வெடிப்பு மூடிடுச்சு. வீட்டுல பாத்திரம் கழுவுற நாள்ல மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு திரும்புது, அதுக்கு மாமா இன்னும் ஒத்துழைக்கல.

எங்க வீட்டுல ப்ளீச் வாளி போயிடுச்சு, பட்டையும் போயிடுச்சு. ஆனா அம்மா இன்னும் எனக்குக் கத்திரிக்காய் வைக்கிறதில்ல.