உங்களுக்குத் தெரியுமா? முடிதிருத்தகத்தில் பிறந்த விஞ்ஞானம்

பழைய கிரேக்க அறிவியல் என்றதும் தாடி வைத்த பெரியவர்கள் பளிங்குத் தூணில் சாய்ந்து யோசிக்கிற படம்தான் நம் மனதில் வருகிறது. அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். செக்கு, அடுப்படிப் பாத்திரம், முகக்கண்ணாடி, கோழிமுட்டை என்று கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வானம் வரை போனார்கள்.

செக்குக்கு அச்சாரம்

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த துறைமுகம் மிலீட்டஸ். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தேலீஸைப் பார்த்து, இவ்வளவு யோசித்து என்ன பிரயோசனம், கையில் காசு இல்லையே என்று ஊரார் ஏளனம் செய்தார்களாம். அடுத்த பருவத்தில் ஆலிவ் அமோகமாக விளையும் என்று நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த அவர், குளிர்காலத்திலேயே மிலீட்டஸிலும் கியோஸ் தீவிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகள் அத்தனைக்கும் சொற்பத் தொகையை அச்சாரமாகக் கொடுத்து வைத்தார். அப்போது போட்டிக்கு ஆளில்லை. அறுவடை வந்ததும் எல்லோரும் செக்கைத் தேடி ஓடிவர, அவர் சொன்னதுதான் வாடகை. அறிவாளி என்று பேர் வாங்கியவர் என்பதால் அவர் தலையில் ஏற்றிய கதை இது என்று, இதைச் சொல்லும் அரிஸ்டாட்டிலே கோடி காட்டுகிறார்.

கதை கிடக்கட்டும். தேலீஸ் செய்த பெரிய காரியம் வேறு. எல்லாப் பொருளுக்கும் மூலம் எது என்ற கேள்விக்குத் தெய்வக்கதை எதையும் சொல்லாமல், தண்ணீர் என்று பதில் சொன்னார். பதில் தப்புதான். ஆனால் இன்னொருவர் எழுந்து நின்று, தப்பு என்று வாதாடக்கூடிய பதில் அது.

அந்தரத்தில் பூமி

அப்படி எழுந்து நின்றவர் அதே ஊர்க்காரர் அனாக்சிமாண்டர். பூமி தண்ணீரில் மிதக்கிறது என்றார் தேலீஸ். அப்படியானால் தண்ணீரைத் தாங்குவது எது? பூமியை எதுவுமே தாங்கவில்லை என்றார் அனாக்சிமாண்டர். எல்லாப் பக்கமும் சம தூரத்தில் நடுவே இருக்கிறது, எந்தப் பக்கமும் சாய அதற்குக் காரணம் இல்லை, அதனால் விழவில்லை. பூமியின் வடிவம் கல்தூணின் ஒரு துண்டு போல உருளை என்று நினைத்தது பிசகு. ஆனால் ஆமையோ யானையோ தூணோ இல்லாமல் பூமியை வெட்டவெளியில் தொங்கவிட ஒரு மனிதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

உறிஞ்சுகுழல் சோதனை

பழரசக் கடையில் தருகிற உறிஞ்சுகுழலை டம்ளரில் விட்டு, மேல்வாயை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு வெளியே எடுங்கள். உள்ளே ஏறிய ரசம் சொட்டாது. விரலை எடுத்ததும் சொளக்கென்று கொட்டும். கிரேக்க வீடுகளில் ஒயினை முகக்க இப்படி வேலை செய்யும் ஒரு பாத்திரம் இருந்தது. அடியில் பொடித்துளைகள், மேலே விரலால் மூடும் ஒரே துளை. சிசிலித் தீவைச் சேர்ந்த எம்பெடோகிளிஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதையே தலைகீழ்க் கணக்காக யோசித்தார். மேல்துளையை மூடியபடி காலிப் பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் தண்ணீர் உள்ளே வராது. அப்படியானால் அது காலியாக இல்லை, ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றும் ஒரு பொருள்தான் என்பதற்கு இதைவிடச் சிக்கனமான சாட்சி கிடையாது. ஒரு சிறுமி அந்தப் பாத்திரத்தை வைத்து விளையாடுவதாகத்தான் அவர் இதை விவரித்திருக்கிறார். எனக்கு இந்தத் துணுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அந்தச் சிறுமிதான் காரணம்.

பிள்ளைகளுக்கு லீவு

சூரியன் ஒரு தெய்வம் அல்ல, பழுக்கக் காய்ந்த கல்; நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரியனிடம் வாங்கியது. இதைச் சொன்ன அனாக்சகோரஸ் மீது ஏதென்ஸில் தெய்வ நிந்தனை வழக்கு பாய்ந்தது. ஊரைவிட்டுப் போய் லாம்ப்சகஸ் என்ற நகரத்தில் தங்கினார். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் கேட்டபோது, நான் இறக்கும் மாதத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கொடுங்கள் என்றாராம். ஊரார் அதை வெகுகாலம் கடைப்பிடித்ததாக, தத்துவஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லாயர்ஷியஸ் எழுதியிருக்கிறார்.

மலைக்குள் சந்தித்த இரண்டு கூட்டம்

சமோஸ் தீவில் ஊற்று மலைக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் மெகாரா நகரத்து யூபாலினோஸ் மலையின் இருபுறமும் ஒரே நேரத்தில் குடையத் தொடங்கினார். நீளம் 1,036 மீட்டர். கையில் இருந்தது உளியும் சுத்தியலும். திசைகாட்டி கிடையாது. இருட்டுக்குள் இரண்டு கூட்டமும் நேர்கோட்டில் வந்தால் ஒன்றையொன்று தெரியாமல் பக்கத்துப் பக்கத்தில் கடந்துபோய்விடலாம். இணைகோடுகள் சந்திக்கவே சந்திக்காது. அதனால் நடுப்பகுதியை நெருங்கியதும் சுரங்கத்தை வேண்டுமென்றே வளைத்தார்கள். கோடுகள் குறுக்கே வெட்டித்தானே ஆகவேண்டும்? வெட்டின. இன்றும் அந்தச் சுரங்கத்துக்குள் நடந்து போகலாம். அதை உளிகொண்டு குடைந்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

தண்ணீரை நிறுத்துங்கள்!

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேச்சை அளந்தது ஒரு மண்பானை. அடிப்பக்கம் சின்னக் குழாய். மேல்பானைத் தண்ணீர் கீழ்ப்பானைக்கு இறங்கித் தீர்ந்ததும் பேச்சு முடிந்தது. அகழ்வாய்வில் கிடைத்த ஒரு பானை சுமார் 6 நிமிடம் ஓடும். சட்டத்தையோ சாட்சியத்தையோ வாசிக்கும் நேரத்தில் குழாயை அடைத்துவிடுவார்கள். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு தண்ணீர்.

தீர்ப்புச் சொல்லும் குடிமக்களைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு பொறி வைத்திருந்தார்கள். ஆள் உயரக் கற்பலகை, அதில் வரிசை வரிசையாகக் கீறல்கள். ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த தகட்டைச் செருக வேண்டும். பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கலந்து கொட்டி ஒவ்வொன்றாக விழவிடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க அன்றைய நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். யார் வருவார் என்று காலையில்கூடத் தெரியாதபோது எவனுக்கு லஞ்சம் கொடுப்பது? கிரேக்கர் செய்த கருவிகளிலேயே இதைத்தான் நான் உச்சியில் வைப்பேன்.

கையில் இரும்பு

வலிப்பு நோயைத் தெய்வக் குற்றம் என்று நம்பிய காலத்தில், மற்ற நோயைப் போல இதற்கும் இயற்கையான காரணம் உண்டு, அது மூளையில் இருக்கிறது என்று ஹிப்போகிரட்டீஸ் மரபு மருத்துவர் ஒருவர் கி.மு. 400-ஐ ஒட்டி எழுதினார். நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் வலிப்பு வந்து ஒருவர் விழுந்தால் இன்றும் சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, பக்கத்தில் இருங்கள்.

மூன்றாம் நாள் முட்டை

அரிஸ்டாட்டில் அடைகாக்கும் முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். மூன்றாம் நாளில் வெள்ளைக்கருவினூடே ரத்தப்புள்ளி போல இதயம் தெரியும், உயிருள்ளது போலத் துடிக்கும் என்கிறார். லெஸ்போஸ் தீவில் தங்கியிருந்தபோது அங்கிருந்த மீனவர்கள்தான் அவருக்குக் கடலைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ஒருவகைச் சுறாவில் குட்டி, தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்திருக்கிறது என்று எழுதிவைத்தார். வெகுகாலம் பலரும் நம்பாத அந்தச் செய்தியை 1842-இல் ஜெர்மானிய விஞ்ஞானி யோஹன்னஸ் முல்லர் அறுத்துப் பார்த்து உண்மை என்று நிறுவினார். அதே அரிஸ்டாட்டில்தான் ஆணைவிடப் பெண்ணுக்குப் பல் குறைவு என்றும் எழுதினார். சுறாவின் வயிற்றுக்குள் பார்த்தவர் மனிதர் வாயை எண்ணிப் பார்க்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

முகக்கண்ணாடியும் ஈயக்குண்டும்

அலெக்சாண்ட்ரியாவில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகன் டெசிபியஸ், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. அப்பாவின் கடையில் கண்ணாடியை வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையில் ஈயக்குண்டைக் கட்டி, அதை ஒரு குழாய்க்குள் மறைத்து விட்டார். குண்டு சரசரவென்று இறங்கியபோது குழாய்க்குள் நெருக்குண்ட காற்று சத்தமிட்டுக்கொண்டு வெளியேறியது. வேறு யாராக இருந்தாலும் குழாயில் ஓட்டை இருக்கிறது என்று அடைத்திருப்பார்கள். டெசிபியஸ் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரின் அழுத்தத்தால் வாசிக்கும் ஆர்கன் வந்தது; உருளையும் தண்டும் கொண்டு நீரைப் பீய்ச்சும் பம்பு வந்தது. அவர் எழுதியவை அழிந்துவிட்டன. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்ததால் இந்தக் கதை பிழைத்தது.

ஐம்பதில் ஒன்று

கோடையின் நீண்ட பகல் நாளில் எகிப்தின் தெற்கே இருந்த சயனி ஊரில் உச்சிவெயிலுக்கு நிழல் இல்லை. அதே நேரம் அலெக்சாண்ட்ரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சாய்ந்தது. அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரமும் பூமியின் சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் தூரம் 5,000 ஸ்டேடியா. பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா என்று கணக்கை முடித்தார் அலெக்சாண்ட்ரியா நூலகத் தலைவர் எரடோஸ்தனிஸ்.

கழுவி அழித்த புத்தகம்

சூரியன் நடுவில், பூமி அதைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிகஸுக்கு 1,700 ஆண்டுகளுக்கும் முன்பே சொன்னவர் சமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ். அந்தக் கருத்தை அவர் எழுதிய நூல் கிடைக்கவில்லை. பிரபஞ்சத்தை மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று கணக்குப் போட்ட ஆர்க்கிமிடீஸ், போகிறபோக்கில் அவரைக் குறிப்பிட்டார். அதனால் தெரிகிறது.

ஆர்க்கிமிடீஸின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவருடைய நூல்கள் சிலவற்றைத் தாங்கிய தோல் ஏடுகளை 1229-இல் சுரண்டி, கழுவி, மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார்கள். 1906-இல் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் கான்ஸ்டான்டினோப்பிளில் பூதக்கண்ணாடியோடு குனிந்து அடியெழுத்தைப் படித்தார். 1998-இல் அந்த ஏடு 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிறகு எக்ஸ்ரே பாய்ச்சி, மையில் இருந்த இரும்பை ஒளிரவைத்து, மிச்சத்தையும் வாசித்தார்கள்.

காலண்டரில் கிரேக்கம்

தினசரிக் காலண்டரில் 'சுக்கிர ஓரை' பார்க்கிறீர்களே, அந்த ஓரை சமஸ்கிருத ஹோரா. அதுவோ கிரேக்க மொழியில் பொழுதைக் குறிக்கும் ஹோராவிலிருந்து வந்தது. ஜாதகத்தில் வரும் 'கேந்திரம்' கிரேக்கரின் கென்ட்ரான், வட்டம் வரையும் கவராயத்தின் ஊன்றிய முள்.

காசு போட்டால் தீர்த்தம்

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோன் விவரிக்கும் கோயில் பாத்திரத்தில் 5 திராக்மா நாணயத்தைப் போட்டால் அது உள்ளே தட்டில் விழும், நெம்புகோல் தாழும், அடைப்பு திறந்து தண்ணீர் வரும். தட்டு சாய்ந்து நாணயம் நழுவியதும் அடைப்பு மூடிக்கொள்ளும். நீராவியால் சுழலும் உருண்டை ஒன்றையும் விவரித்திருக்கிறார். அது எந்த வேலைக்கும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. உறுதியான கொதிகலன் செய்யும் உலோகக்கலை அப்போது இல்லை. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுமக்கவும் அரைக்கவும் தோண்டவும் அடிமைகள் இருந்தார்கள். ஏதென்ஸின் கடற்படைக்குக் காசு கொடுத்த லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில், ஊர்ந்து மட்டுமே போகக்கூடிய பொந்துகளில் வெட்டியவர்கள் அவர்கள். நெசவு நாடா தானாக ஓடினால் எஜமானருக்கு அடிமையே தேவைப்படாது என்று அரிஸ்டாட்டிலே எழுதினார், நடக்காத காரியத்துக்கு உதாரணமாக.

தெசலோனிகி நகரத்து ஆன்டிபேட்டர் என்ற கவிஞர் மட்டும் தண்ணீரால் சுற்றும் மாவரைக்கும் ஆலையைப் பார்த்து, அரைக்கும் பெண்களே இனி விடிந்தாலும் தூங்குங்கள் என்ற பொருளில் ஒரு கவிதை எழுதினார். திருகையில் உளுந்து உடைத்தவர்களுக்கு அந்தக் கவிதையின் அருமை தோளில் புரியும்.

223 பற்கள்

1900-இல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்பவர்கள் ஆன்டிகைதெரா தீவுக்கு அருகே மூழ்கினார்கள். சுமார் 45 மீட்டர் ஆழத்தில் மனிதக் கைகளும் குதிரைகளும் கிடந்தன. மூழ்கிய கப்பலில் இருந்த சிலைகள் அவை. அந்த ஆழத்தில் வேலை பார்த்ததில் ஒருவர் இறந்தார், இருவர் முடங்கிப்போனார்கள். மேலே வந்த குப்பையோடு பச்சைக் களிம்பேறிய ஒரு கட்டியும் இருந்தது. 1902-இல் அதில் பல்சக்கரம் ஒன்று தெரிந்தது. இன்று 82 துண்டுகளாக ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உள்ளே குறைந்தது 30 வெண்கலச் சக்கரங்கள். பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால் சூரியனும் நிலவும் ராசிகளில் நகரும், கிரகணம் எப்போது என்று ஒரு முள் காட்டும், ஒலிம்பிக் போட்டி எந்த ஆண்டு என்று இன்னொன்று காட்டும். கிரகணங்கள் 223 நிலா மாதங்களுக்கு ஒருமுறை அதே ஒழுங்கில் திரும்புகின்றன என்று பாபிலோனியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் கிரேக்கக் கைவினையில் வெண்கலமாக்க, ஒரு சக்கரத்தில் 223 பற்கள் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் சிறு முக்கோணம், ஒவ்வொன்றும் அரத்தால் கையில் ராவியது. பெட்டியின் தகடுகளில் பொடி எழுத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகள், கருவியை எப்படிப் படிப்பது என்ற விளக்கம் உட்பட. இதுவரை படித்ததில் அதைச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.