வந்தவர் என்று நம்மவர் ஆவார்?

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

சமூக அறிவியல் வகுப்பில் ஒரு நாள் எங்கள் சிஸ்டர், "குடிமகன் என்பவர் யார்?" என்று கேட்டார்கள். "இந்த நாட்டில் பிறந்தவர்" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் விடை சொன்னோம். சிஸ்டர் புன்னகை செய்து, "பாதி சரி. மீதிப் பாதியை உங்கள் தெருவிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார்கள். அந்த மீதிப் பாதியைத் தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

எங்கள் தெருவில் இருவர்

எங்கள் தெருவின் கீழைக்கோடியில் ஒரு முதியவர் இருக்கிறார். இளமையில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். நம் ஊர் வழக்கப்படி அவரை எல்லோரும் 'சொல்தா' என்பார்கள். நான் சொல்தா தாத்தா என்பேன். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். 2022-ஆம் ஆண்டு பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது, காரைக்காலிலேயே அமைக்கப்பட்ட வாக்குச்சாவடிக்கு வெள்ளை வேட்டியும் துண்டுமாகச் சென்று வாக்களித்து விட்டு வந்தார்.

அதே தெருவின் மேலைக்கோடியில் ஆப்பம் சுட்டு விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, 1970-களில் கப்பலேறி இங்கு வந்தவர். முறையான இந்தியக் குடிமகள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் அவரிடம் உண்டு. ஆயினும் ஊரார் வாயில் அவர் இன்றும் 'சிலோன் ஆயா'தான். நானும் அப்படித்தான் அழைத்து வந்தேன்.

பிரான்சுக்கு வாக்களிக்கும் தாத்தா நமக்கு நம்மவராகத் தோன்றுகிறார். இந்தியாவுக்கு வாக்களிக்கும் ஆயா வெளியூராராகத் தோன்றுகிறார். இது ஏன் என்ற கேள்வி என் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

காரைக்காலின் கதை

சொல்தா தாத்தாவின் கதையை அறிய நம் ஊரின் வரலாற்றை அறிய வேண்டும். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கு பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5000 பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். ஒரு தாளில் இட்ட கையெழுத்து, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது.

நம் ஊர் ஆட்களை ஏற்றி அனுப்பிய துறைமுகமாகவும் இருந்தது. அடிமை முறை ஒழிந்தபின் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் மக்கள் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளுக்குச் சென்றனர். இன்னும் பலர் அலுவலராகவும் வணிகராகவும் சைகோனுக்குச் சென்றனர்.

குவாதலூப் தீவில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் வாக்குரிமை இல்லை. "நீங்கள் வந்தேறிகளின் மக்கள்" என்று ஒதுக்கப்பட்டனர். அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் அவர்களுக்காக வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள்! அவர் கேட்டது ஒன்றே: "இந்த மண்ணில் பிறந்த பிள்ளை வேறு எந்த மண்ணுக்கு உரியது?" என்பதுதான் அதன் சாரம்.

தேயிலை மலையிலிருந்து மண்டபம் வரை

இனி ஆயாவின் கதை. ஆங்கிலேயர் ஆட்சியில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்றனர். முதலில் காப்பித் தோட்டம். காப்பிச் செடி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டம். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தனர்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம் அத்தகைய தாள்கள் எங்கே இருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1949-இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. இதைக் கண்டித்து, தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அப்பத்தைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள் என்று எங்கள் தெரு ஆயா சொல்கிறார். அவருடைய அக்காள் அந்தப் பங்கில், ஆயா இந்தப் பங்கில்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின் ஊர் ஊராகப் பிரிந்தனர். இவ்வாறு வந்தவர்கள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அரசு அவர்களை வெறுங்கையுடன் விட்டுவிடவில்லை. நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; அதுவே பின்னர் 'டான்டீ' நிறுவனம் ஆயிற்று. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென 'ரெப்கோ' கூட்டுறவு வங்கி ஏற்பட்டது. தொழில் தொடங்கக் கடனும் தரப்பட்டது. ஆனால் கொழுந்து பறிக்க மட்டுமே அறிந்தவர்கள் சமவெளியில் பெட்டிக்கடை வைத்து எப்படிப் பிழைப்பது? பலர் கடன் பணத்தைத் தரகரிடம் இழந்தனர். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப்போய்க் கொத்தடிமை ஆனவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதே பெரும்பாடாயிற்று.

அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' என்று விலக்கப்பட்டனர். இதுவே அவர்கள் கண்ட தாயகம்.

முகாமில் பிறந்த பிள்ளைகள்

1983 சூலை இனக்கலவரத்துக்குப் பின் வேறொரு கூட்டம் கடல் கடந்து வந்தது. இவர்கள் ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் அல்லர். உயிருக்கு அஞ்சிப் படகில் வந்த ஏதிலிகள். தமிழகம் அவர்களை வரவேற்று நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தங்கவைத்தது. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன், ஏதிலியரின் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் ஒரு கழகம் அமைத்து உழைத்தார். இயேசு சபைக் குருக்களும் முகாம்களில் கல்விப் பணி செய்து வருகின்றனர். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் மக்கள் மனம் மாறியது. குற்றம் செய்தவர் சிலர். ஐயப்பார்வை விழுந்ததோ முகாமில் இருந்த அனைவர்மீதும்.

2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழரின் வழித்தோன்றல்கள். பூட்டன் புதுக்கோட்டையிலிருந்து போனவர். கொள்ளுப்பேத்தி திருச்சி முகாமில் 'அயல்நாட்டவர்'. இதைவிட வியப்பு வேறென்ன?

'இங்கே பிறந்தால் இந்தியர்' என்ற எங்கள் விடை ஏன் பாதி சரி என்பது இப்போது விளங்கும். 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் அனைவரும் பெரும்பாலும் குடிமக்களே. 1987 சூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், ஒருவர் மட்டும் இந்தியராக இருந்தால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருத்தல் கூடாது. எனவே முகாமில் பிறந்து, நம்மைப் போலவே பள்ளியில் நாட்டுப்பண் பாடி வளரும் பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள் அல்லர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 'நான் பிறப்பால் இந்தியள்' என்று வழக்காடி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வென்றார்; 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். இரண்டாண்டு பிந்திப் பிறந்திருந்தால் அதுவும் இல்லை.

அரசியல் விவாதம்

இதுபற்றி இருவகைக் கருத்துகள் உண்டு. ஒரு சாரார் கூறுவது: கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தால் சட்டத்துக்கு மதிப்பு என்ன? நாட்டின் பாதுகாப்பு முக்கியமன்றோ? மேலும், இவர்கள் எல்லோரும் இங்கேயே தங்கிவிட்டால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கையும் நிலமும் குறைந்துவிடும் என்று அஞ்சும் ஈழத் தலைவர்களும் உள்ளனர். இவற்றைப் புறந்தள்ள முடியாது.

மற்றொரு சாரார் கூறுவது: நாற்பது ஆண்டுகள் தங்க இடம் கொடுத்துவிட்டு, விருந்தினராகவே இருங்கள் என்பது நீதியா? திரும்பிச் செல்ல விரும்புவோர் செல்லட்டும். இருக்க விரும்புவோருக்கு வழி வேண்டும் என்பது இவர்கள் வாதம். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, இஸ்லாமியர் அல்லாத ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. இதையொட்டித் தமிழகக் கட்சிகளிடையே பெரும் விவாதம் எழுந்தது. இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்ற குரலும் ஒலித்தது.

2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றி, 7469 புதிய வீடுகளுக்கும் உதவித்தொகை உயர்வுக்கும் திட்டம் அறிவித்தார். 2025-இல் மத்திய அரசு, 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அச்சம் நீங்கியது, குடியுரிமை வரவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அயர்லாந்து நாட்டைப் பாருங்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதே அளவினர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். அந்நாடு 1990-களில் வளம் பெற்றபோது, பிற நாட்டார் அங்கே வரத் தொடங்கினர். 2004 சூன் 11 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், அங்கே பிறந்தாலே குடிமகன் என்ற உரிமையை நீக்க நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். பல தலைமுறைகளாகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடே, வாசலில் வந்து நின்றவரைக் கண்டு தயங்கியது. நம் ஊரும் ஆட்களை அனுப்பிய ஊர்தானே!

ஒன்றி வாழ்தல் என்பது யாது?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, வந்தவர் நம்மவராக மூன்று தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது தாள்: குடியுரிமையும் வாக்கும். இரண்டாவது தொழில்: வந்தவரின் கைக்குத் தெரிந்த வேலை. நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலை பெற்றவர்கள் வேரூன்றினார்கள். தெரியாத தொழிலுக்குக் கடன் பெற்றவர்கள் தடுமாறினார்கள். மூன்றாவது சொல்: அண்டை அயலார் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்பது. முகாம் பிள்ளைகளுக்கு முதலாவதே இல்லை. எங்கள் தெரு ஆயாவுக்கு முதல் இரண்டும் உண்டு. மூன்றாவது மட்டும் ஐம்பது ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. முதலிரண்டையும் அரசுதான் தர முடியும். மூன்றாவதை எந்த அரசாலும் தர இயலாது.

முடிவுரை

கட்டுரைக்காகச் செய்தி கேட்கச் சென்ற அன்று, ஆயாவிடம் முதன்முறையாக அவருடைய பெயரைக் கேட்டேன். ஆப்பச் சட்டியிலிருந்து கையை எடுத்து என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என் பேரை இந்தத் தெருவிலே கேட்ட மொத ஆளு நீதான் பாப்பா" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. பால்குடி மறந்த நாள் முதல் அவர் கையால் ஆப்பம் வாங்கி உண்டவள் நான்.

அன்றுமுதல் அவருடைய பெயரோடு 'ஆயா' சேர்த்தே அழைக்கிறேன். என் தம்பியும் அப்படியே அழைக்கிறான். அவன் தோழர்களும் தொடங்கிவிட்டார்கள். முகாமில் உள்ள என் வயதுப் பெண்ணுக்கு வாக்குரிமை தர என்னால் இயலாது. எனக்கே இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வாக்கு வரும். ஆனால் அந்த வாக்கு வரும்போது, அது இல்லாத அவளையும் மறவாமல் இருக்க என்னால் இயலும்.

"வந்தாரை வாழவைப்போர் நாம்" என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வாழவைத்தல் என்பது சோறு போடுவதோடு முடிவதன்று. பெயர் கேட்பதிலிருந்து தொடங்குவது. அன்புத் தோழியரே, பெற்றோரே! உங்கள் தெருவிலும் ஊர்ப்பெயரால் மட்டுமே அறியப்படும் ஒருவர் இருப்பார். இன்றே சென்று அவர் பெயரைக் கேளுங்கள்.