தங்கும்போதே மாறும் வினைச்சொல்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஸ்பெயினிலும் ஸ்பானிஷ் பேசும் பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் சுவரொட்டி, தொலைக்காட்சி, பால்கனித் தட்டி என்று எங்கும் ஒரே வாசகம்: ‘கேதாதே என் காசா’. வீட்டிலேயே இரு என்று பொருள். இதன் வினைச்சொல் ‘கெதார்’. ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்கள் ‘தங்கு, மிஞ்சு’ என்று இதற்குப் பொருள் எழுதிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் அந்தக் குறிப்பு கைகொடுக்காமல் போகிறது. ஒருவன் தூங்கிப்போனாலும் கெதார், ஒருத்தி கணவனை இழந்தாலும் கெதார், சட்டை பொருந்தினாலும் கெதார், மருந்துக்கடை எங்கே என்று விசாரித்தாலும் கெதார்!

மூலம் லத்தீன்: அமைதிப்படுத்து என்ற பொருளுள்ள ‘குவியேத்தாரே’. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘த்’ ஸ்பானிஷில் மெலிந்துவிடும். வாழ்வைக் குறிக்கும் ‘வீத்தா’ இப்படித்தான் ‘வீதா’ ஆயிற்று. கெதாரில் உள்ள அந்த மெல்லொலி, ‘கதவு’ என்னும்போது நம் நாக்கில் தானாக வருவது. ஆங்கிலத்தின் ‘ட’ போல அதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இலக்கணத்திலும் தமிழருக்கு ஒரு வசதி. ‘மே கெதான் தோஸ் தீயாஸ்’ என்றால் எனக்கு இன்னும் 2 நாள் மிச்சம் இருக்கிறது. ‘மே’ என்பது ‘எனக்கு’. வாக்கியத்தின் எழுவாய் நான் இல்லை, நாட்கள். அதனால்தான் ஒரு நாளுக்குக் ‘கெதா’, இரண்டு நாளுக்குக் ‘கெதான்’. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. ‘நான்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். சட்டை பொருந்துவதும் இதே அமைப்புத்தான்: ‘தே கெதா பியென்’, உனக்கு நன்றாக இருக்கிறது.

கெதாரின் உண்மையான ஆழம் மாற்றத்தைச் சொல்லும் இடங்களில் இருக்கிறது. ‘ஆகு’ என்பதற்கு ஸ்பானிஷில் பொதுவான ஒற்றைச் சொல் கிடையாது. போனெர்சே, வோல்வெர்சே, ஆசெர்சே, கெதாருடன் ‘சே’ சேர்ந்த கெதார்சே என்று பல வினைகள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘செ கெதோ தோர்மீதோ’ என்றால் தூங்கிப்போனான். ‘செ கெதோ சியேகோ’ என்றால் பார்வை போய்விட்டது. நாம் ‘போ’ என்ற துணைவினையைச் சேர்க்கும் இடத்தில் அவர்கள் தங்குவதைச் சொல்கிறார்கள். தமிழ் பழைய நிலையிலிருந்து விலகுவதைப் பார்க்கிறது, ஸ்பானிஷ் புதிய நிலையில் போய் நிற்பதைப் பார்க்கிறது. நேர் எதிரான இரண்டு வினைகள் ஒரே வேலையைச் செய்வது மொழியியலின் அழகான காட்சிகளில் ஒன்று என்பேன். நாமும் சில வேளை அவர்கள் பக்கம் நிற்பதுண்டு: ஒருத்தி கருவுற்றால் அங்கே ‘செ கெதோ எம்பராசாதா’, இங்கே ‘கரு தங்கியிருக்கிறது’.

எந்தச் சொல்லுடன் எந்த வினை சேரும்? திடீர் மாற்றம், நீடித்த மாற்றம் என்று பாடநூல்கள் விதி தருகின்றன. விதிவிலக்குகளும் கூடவே வருகின்றன. ஜோன் பைபி, டேவிட் எடிங்டன் என்ற மொழியியலாளர்கள் உண்மையான பேச்சிலும் எழுத்திலும் இருந்து வாக்கியங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2006இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். அடிக்கடி புழங்கும் ஒரு தொடர் நடுவில் இருக்கிறது. பொருளில் நெருங்கிய சொற்கள் அதைச் சுற்றிச் சேர்கின்றன. ‘கெதார்சே சோலோ’, தனித்துப்போதல், அப்படி ஒரு மையம். கணவனை இழத்தல், பெற்றோரை இழத்தல், வேலையில்லாமல் போதல் எல்லாம் அதன் உறவுகள். அசைவற்று நிற்பது, வியந்து நிற்பது இவற்றுக்குத் தனிக் குடும்பங்கள் உண்டு. பதற்றம் மட்டும் போனெர்சேயிடம் போய்விடுகிறது. ஆகவே தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வதைவிட ‘செ கெதோ சோலோ’ (தனித்துப்போனான்) போன்ற முழுத் தொடர்களாகக் கற்பது நல்லது. குழந்தைகளும் பல தொடர்களை அப்படித்தான் பெறுகிறார்கள்.

இடம் கேட்பதில் சிக்கல் குறைவு. கட்டடம், ஊர் போல நகராதவற்றுக்கே கெதார். தொலைந்த பூனையைத் தேடும்போது ‘இரு’ என்ற பொருளுள்ள ‘எஸ்தார்’ வேண்டும். சந்திப்பு முடிவு செய்வதில்தான் நாட்டுக்கு நாடு வழக்கு மாறுகிறது. ஸ்பெயினில் ‘கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ’ என்றால் 8 மணிக்குச் சந்திப்போம் என்று ஏற்பாடாகிவிட்டது. மெக்சிகோவில் இரவு 8 மணிக்கு நண்பரைப் பார்க்க வேண்டுமானால் ‘நோஸ் வேமோஸ் ஆ லாஸ் ஓச்சோ’ என்று சொல்லுங்கள்.