பனிக்காலமும் படகு இயந்திரமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளிலே கோடை முழுவதும் ஓடித் திரிந்த படகுகள், மேப்பிள் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்திற் கரையேற்றப்படுகின்றன. ஏரி உறைந்துவிடும் என்பது மாத்திரம் அதற்குக் காரணமன்று. கரையேறிய பின்னரும் இயந்திரத்தின் உள்ளே தங்கிவிடும் நீரே அதற்குப் பெரும் பகையாகும்.

படகு இயந்திரங்கள் பலவற்றிலே, மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற நீர்த்தொட்டி இல்லை. ஒரு பம்பி ஏரி நீரையே உறிஞ்சி, இயந்திரத்தைச் சூழ ஓடச்செய்து, புகையோடு வெளியே தள்ளுகிறது. இயந்திரம் நின்றதும் அந்நீரில் ஒரு பகுதி உள்ளேயே தேங்கிவிடும்.

பொருள்கள் பொதுவாகக் குளிரச் சுருங்கும். நீரோ 4 பாகை செல்சியசு வரை சுருங்கி, அதன்பின் விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு நூற்றுக்கு 9 பங்கு வரை பெருகுகிறது. வார்ப்பிரும்போ வளைந்து கொடுக்கும் இயல்புடையதன்று, ஆதலின் வெடிக்கிறது. வசந்தத்தில் இயந்திர எண்ணெய், நீர் கலந்து பால்போல வெளுத்திருக்கக் கண்ட பின்னரே உரியவர் அவ்விழப்பை அறிவதும் உண்டு.

இதனைத் தவிர்க்கும் வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். இயந்திரம் படகினுள்ளும், சுழல்விசிறி தாங்கிய கால் பின்புறத்திலும் அமைந்த படகை எடுத்துக்கொள்வோம். அக்காலிலுள்ள நீர்வாயில்களில் இறப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தி, குழாய் நீரைத் திறந்த பின்னரே இயந்திரத்தை இயக்கவேண்டும். நீரின்றி இயக்கினால் பம்பியின் இறப்பர் இதழ்கள் விரைவிற் கெட்டுவிடும். புகையில் நஞ்சு உண்டு. ஆதலால் மூடிய கொட்டகையில் இயக்குதல் உயிருக்கு ஆபத்து.

அழுக்கு நீங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, வடிகால் அடைப்புகளைக் கழற்றவேண்டும். நீர் வரவில்லை எனின் உள்ளே நீரில்லை என்று முடிவுசெய்தல் கூடாது. துருவும் மணலும் துவாரத்தை அடைத்திருக்கலாம். ஒரு கம்பியாற் குத்திப் பார்த்தல் வேண்டும்.

நீர் முற்றாக வடிந்தபின், உறையாமற் காக்கும் புரோப்பிலீன் கிளைக்கோல் திரவத்தை இயந்திரத்துள் ஊற்றுவர். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு; நாய்களும் பூனைகளும் நக்கி இறப்பதுண்டு. நீரை வடிக்காது, குளிர்ந்த இயந்திரத்தை இயக்கித் திரவத்தை உறிஞ்சவைப்பதும் தவறே. வெப்பத்தைச் சீராக்கும் அடைப்பான் அப்போது மூடியிருக்கும். திரவம் உட்செல்லாது வெளியேறிவிட, பழைய நீர் அங்கேயே இருக்கும்.

இலங்கைக் கடலில் உறைபனி இல்லை, உப்பு உண்டு. கடலால் மீண்ட வெளியிணைப்பு இயந்திரத்தை நன்னீராற் கழுவாது விட்டால், உப்புப் படிந்து நீர்வழிகள் அடைபட, நடுக்கடலில் இயந்திரம் சூடேறி நின்றுவிடக்கூடும். ஓரிடத்திற் பனி, ஓரிடத்தில் உப்பு. இரண்டையும் தடுப்பது வேலை முடிந்ததும் செலவிடும் சிறிது நேரமே.