கொடுத்துவிடக் கூடாத அரை மணித்தியாலம்



கணக்காளனாகிய நான் ஒருநாள் கணக்கை முடிக்கும்போது 270 யூரோ இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தேடினேன். 3960 என்பதை 3690 என்று பதிந்திருந்தேன். பதிந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. அன்று இடைவேளையே எடுக்காமல் பாணைக் கடித்தபடி வேலை செய்திருந்தேன்.

அந்த நேரத்துச் சோர்வுக்குச் சோறுதான் காரணம் என்கின்றோம். அது பாதி உண்மையே. மத்தியானம் சாப்பிடாதவர்களுக்கும் அப்போது விழிப்புக் குறைவதுண்டு. உடலின் உள்மணிக்கூடு அப்படி ஓடுகின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மயக்கம் இன்னும் கூடும்.

இதை வானொலியில் சொன்னபோது, உணவகச் சமையலறையில் வேலை செய்யும் நேயர் ஒருவர் அழைத்தார். "அண்ணை, எல்லாரும் நிண்டு வேலை செய்யேக்க நான் மட்டும் எப்பிடி இருக்கிறது?" என்றார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கின்றேன். ஜேர்மனியின் 1994ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டப்படி, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் 30 நிமிடமும், ஒன்பதுக்கு மேல் என்றால் 45 நிமிடமும் இடைவேளை கட்டாயம். அதைப் பதினைந்து பதினைந்து நிமிடங்களாகப் பிரித்தும் எடுக்கலாம். பொதுவாக இந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே இடைவேளையில் வேலை செய்வது இலவச உழைப்பு. மாதம் 20 வேலைநாள் என்றால் 10 மணித்தியாலம்!

ஓய்வெடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. குடியிருப்புப் பகுதிகளில் பகல் ஒன்று முதல் மூன்று மணிவரை இலை ஊதும் இயந்திரத்தைப் பொதுவாக இயக்க முடியாது. 2002இல் வந்த விதி அது. வெக்டா நகராட்சி தன் ஊழியர்களுக்கு மதியக் குட்டித்தூக்கத்தையே அனுமதித்துச் செய்தியானது.

எப்படி ஓய்வெடுப்பது? சாய்மனைக் கதிரை தேவையில்லை. சாப்பிட்ட பின், 20 நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுங்கள். நித்திரை வராவிட்டாலும் பரவாயில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய், எழும்பும்போது தலை பாரமாக இருக்கும். இரவில் நித்திரை வராதவர்கள் பகல் தூக்கத்தைத் தவிருங்கள். எவ்வளவு தூங்கியும் பகலில் கண் சொருகினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டு வேலை செய்து, களைப்போடு வாகனம் ஓட்டி வீடு திரும்புவோர் நம்மில் பலர். தாளில் வந்த பிழையை நான் அழித்துத் திருத்தினேன். வீதியில் வரும் பிழையைத் திருத்த முடியாது.