ஒன்றேகால் மில்லிமீட்டர்

கெடாவில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை கொட்டும் காலம் ஏறக்குறையத் தைப்பூசத்தை ஒட்டித் தொடங்கும். மழை நின்று வெயில் ஏற ஏற, இலைகள் மஞ்சளாகிச் செம்பு நிறத்துக்கு வரும். நாலு நாள் காற்றடித்தால் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். புதுக்கொழுந்து விட இரண்டு மூன்று வாரமாகும். அந்த இடைவெளியில்தான் தோட்டத்துக்குள் நின்றபடியே ஜெராய் மலையைப் பார்க்க முடியும். மற்ற மாதங்களில், 1,217 மீட்டர் உயர மலை பக்கத்திலேயே இருந்தாலும் பச்சைக் கூரை மறைத்துவிடும். பீடோங், செமிலிங் பக்கம் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அப்படியொரு இடைவெளியில் எடுத்த படம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எடுத்தவர் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். இன்று சுங்கைப்பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் அவர் சார்தான். பினாங்கில் பழசாக வாங்கிய பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு முக்காலி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஒரு ரோல் வாங்குவார். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் போக மாட்டார். மரம், மலை, மண்சாலை, விடிகாலை மூட்டம், இவைதான் அவர் எடுத்தது. "ஆளே இல்லாத படத்துக்கு எதுக்கு சார் காசைக் கரியாக்குறீங்க?" என்று தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை.

பட்டணத்துக் கடையில் கழுவி, நாலுக்கு ஆறு அங்குலத்தில் இயந்திரம் போட்டுக் கொடுத்த அளவில்தான் சார் அந்தப் படங்களை இத்தனை காலமும் பார்த்திருக்கிறார். அந்த அளவில் மலை ஒரு நீலக் கறை, மரங்கள் குச்சிகள். சென்ற ஆண்டு நெகட்டிவ் உறைகளை என்னிடம் கொடுத்தார். உறை ஒன்றின் மேல் பென்சிலில், "மூன்றாம் நம்பர், இலையுதிர்வு, ஜெராய்." மூன்றாம் நம்பர் என்பது தோட்டத்துப் பால்மரப் பகுதி ஒன்றின் எண்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர்தான். நல்ல ஃபிலிம் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 4,000 புள்ளி வீதம் எடுத்தால் இரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். அதை 12-க்கு 18 அங்குலத் தாளில் கூர்மை குறையாமல் அச்சிடலாம். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கென்றால் 20-க்கு 30 வரை தாராளமாகப் போகலாம். ரோலெய்பிளெக்ஸ், யாஷிகாமேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த சதுர நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதன் பரப்பு இதைப்போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். தட்டை ஸ்கேனர் வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் 6,400 என்ற எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இருக்காது. மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவும், சீரான வெளிச்சம் தரும் ஒளிப்பலகையும் இருந்தால் நெகட்டிவைக் கீழே வைத்து வீட்டிலேயே படமெடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஸ்கேனருக்கு ஒரு வசதி உண்டு. கலர் நெகட்டிவில் உள்ள சாயம் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். அதை வைத்துத் தூசி எங்கே என்று கண்டுபிடித்துத் தானே துடைத்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமே வெள்ளி என்பதால் இந்த வித்தை பலிக்காது. உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைக்க வேண்டியதுதான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தூசியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. ஃபிலிமின் பூச்சு ஜெலட்டின். விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. பூஞ்சைக்கு அது சோறு. சாருடைய உறைகளில் மூன்றில் ஒன்றை அது தின்றுவிட்டிருந்தது. வானம் இருந்த இடத்தில் வேர் ஓடியதுபோல வெள்ளைக் கோடுகள். அந்த வானத்தை இனி யாராலும் மீட்க முடியாது.

மூன்றாம் நம்பர் படம் தப்பியிருந்தது. திரையில் பெரிதாக்கி, கீழிருந்து மேலாக நகர்த்திக்கொண்டே போனேன். தரையெல்லாம் காய்ந்த சருகு. மரத்தில் கட்டிய மங்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. உள்ளே பாலின் வெள்ளைகூடத் தெரிகிறது. இடது பக்கம், ஐந்தாவது நிரையில், நாலுக்கு ஆறு படத்தில் பட்ட மரத்தின் அடி என்று நினைத்திருந்த ஒரு கறுப்பு அசைந்ததுபோல் இருந்தது. தலையில் துண்டு, முழங்கைவரை சட்டை, தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. ஒரு பெண் பால் எடுத்துக்கொண்டு போகிறார்.

நெகட்டிவில் அவர் உயரத்தை அளந்தேன். ஒன்றேகால் மில்லிமீட்டர். கேமராவிலிருந்து அறுபது மீட்டர் தூரத்தில் இருந்திருப்பார். டிஜிட்டலாக்கிய கோப்பில் அவர் தலைக்குக் கிடைத்தது இருபத்தைந்து புள்ளி, அவ்வளவுதான். முகம் இல்லை, ஃபிலிமின் மணிகளுக்குள் கரைந்துவிட்ட ஒரு நிழல்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் அந்தத் துண்டைப் போட்டேன். அரை நிமிடத்தில் அந்த அம்மாவுக்குக் கண் வந்தது, மூக்கு வந்தது, உதட்டில் லேசாகச் சிரிப்பும் வந்தது. ஆசையோடு கொண்டுபோய் சாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இது யாரு தம்பி? நம்ம தோட்டத்து ஆள் இல்லையே" என்றார். பிறகு மென்பொருள் தொடாத படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிட்டார். "இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கு பாரு. அவங்க நடை அதுதான்."

அன்றிலிருந்து அந்த மென்பொருளை நான் திறக்கவில்லை. நெகட்டிவில் ஒளி பட்டு எழுதியது எவ்வளவோ அவ்வளவையும் எடுக்கலாம். எழுதாததை எழுதிச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. மணி தெரிகிறதா, தெரியட்டும்.

இதை இத்தனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்றாம் நம்பர் இன்று செம்பனை. லயம் இருந்த வரிசையில் தரைவீடுகள். பீடோங்கில் ஹார்வர்ட் என்ற தோட்டப் பெயர் இப்போது ஒரு கோல்ஃப் திடலின் பெயர். கடாரத்துப் பழம்பெருமை பேசும் லெம்பா பூஜாங்கிலேயே, 11-ஆம் எண் இட்ட பழங்கோயில் எச்சத்தை 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் மரத்துக்கும் மண்சாலைக்கும் எங்கே போவது? 1862-இல் கிழக்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் பினாங்கிலும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலும் கண்ணாடித் தட்டில் படமெடுத்தார். அவை இன்று நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவருக்குப் பின் வந்த தோட்டங்களை உள்ளே இருந்தே எடுத்த வாத்தியார்களின், கிராணிகளின், டிரசர்களின் நெகட்டிவுகளோ அலமாரி மேல்தட்டில் புழுங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஸ்கேன் செய்த பிறகும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்.

20-க்கு 30 அங்குலத்தில், பளபளப்பில்லாத தாளில், அந்தப் படத்தை அச்சிட்டேன். அதில் அந்த அம்மாவின் உயரம் இரண்டரை சென்டிமீட்டர். சட்டம் போட்டு சாருடைய மகள் வீட்டு ஹாலில் மாட்டினோம். சார் மலையைப் பார்க்கவில்லை, ஐந்தாவது நிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய நெகட்டிவ் உறையைக் கேட்டு வாங்கினார். "மூன்றாம் நம்பர், இலையுதிர்வு, ஜெராய்" என்று முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் எழுதியதற்குக் கீழே, கை நடுங்க, பென்சிலால் ஒரு பெயரை எழுதிச் சேர்த்தார்.